வீட்டுக்குன்னா இது போதுங்க

குளியலறைத் தாழ்ப்பாளுக்கு நாலு திருகு. மூன்று ஒழுங்காக உள்ளே போய்விட்டன. நாலாவது பாதி தூரம் போனதும் நின்றுகொண்டது. கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன். கையில் ஏதோ இளகியது. திருகுதான் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டு எடுத்துப் பார்த்தால், இளகியது ஸ்டார் திருப்புளியின் முனை. நாலு சிறகும் ஒரே பக்கமாகத் திரும்பி, கைமுறுக்கு போலச் சுற்றிக்கொண்டிருந்தது. திருகின் தலையில் பிளஸ் குறி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு குழி. இனி அதை உள்ளேயும் தள்ள முடியாது, வெளியேயும் இழுக்க முடியாது. அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. துண்டு மாட்டுகிறது, லுங்கி மாட்டுகிறது, நேற்று என் முழங்கை மாட்டியது. பிளாஸ்திரி ஒட்டிய கையோடுதான் இதை எழுதுகிறேன். நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தத் திருப்புளியின் தண்டில் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருக்கிறது. முனை போய்விட்டது, எழுத்துக்கு ஒரு கீறல் இல்லை. குரோமியமும் வனேடியமும் கொஞ்சம் சேர்த்த எஃகு உறுதியானது என்பது உண்மைதான். ஆனால் எந்த எஃகையும் சரியான சூட்டில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் போட்டால்தான் அது கருவி. போடாவிட்டால் கம்பி. பதம் போடுவதற்கு அடுப்பும் நேரமும் விஷயம் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். பெயர் பொறிக்க ஓர் அச்சு போதும். இரண்டில் எது மலிவு என்று கணக்குப் பார்த்து, அதை மட்டும் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

பழியில் ஒரு பங்கு ஹென்றி பிலிப்ஸுக்கும் போக வேண்டும். 1936இல் இந்தப் பிளஸ் தலைத் திருகுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர். முதலில் எடுத்துக்கொண்டவர்கள் கெடிலாக் கார்க்காரர்கள். முனையை வைத்தால் அதுவே நடுவில் போய் உட்காரும் என்பதால் மிஷின் வைத்துத் திருகுகிற தொழிற்சாலைக்கு ரொம்ப வசதி. திருகு இறுகியதும் முனை மேலே ஏறி வழுக்கும் குணமும் கூடவே வந்தது. வரிசையாகக் கார் நகர்கிற இடத்தில் அது பெரிய குற்றமில்லை. ஈரத் தரையில் முட்டிபோட்டு, பக்கெட்டை முதுகால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் குற்றம்தான். போதாததற்கு இதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் வேறு உண்டு. திருகுக்கேற்ற நம்பர் முனையைப் போட வேண்டுமாம். எல்லார் வீட்டிலும் இருப்பது ஒரே நம்பர்தான்: கைக்குக் கிடைத்த நம்பர்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைகளில் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் விலை குறைந்த கருவிகளை வாங்கலாமா கூடாதா என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். சொல்கிறேன். அதற்கு முன்னால் கடைக்காரரைப் பற்றி நாலு வார்த்தை பேசியாக வேண்டும்.

கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோட்டில் வரிசையாக மிஷின் கடைகள். கதவுக்குக் கீல் வாங்கப் போனவன்கூட அங்கே கம்ப்ரசரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவான். கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பார்: "தொழிலுக்குங்களா, வீட்டுக்குங்களா?" வீட்டுக்கு என்றதும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். கண்ணாடி அலமாரியை விட்டு விலகி, குனிந்து, கவுன்டருக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசு தட்டி வைப்பார். பெட்டியின் மேல், பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய பெயர் இருக்கும். "வீட்டுக்குன்னா இது போதுங்க."

இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்திருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும். வீடு என்றால் அவ்வளவு இளப்பமா? தச்சு வேலை செய்பவர் நாள் முழுக்கப் பிளைவுட்டில் ஓட்டை போடுகிறார். பிளைவுட் ஓட்டை வாங்கிக்கொள்ளும். வீட்டில் இருப்பவனுடைய முதல் வேலை என்ன? ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டுவது. ஜன்னலுக்கு மேலே என்ன இருக்கிறது? லிண்டல். வீட்டிலேயே கெட்டியான காங்கிரீட்டும், அதற்குள்ளே கம்பியும் இருக்கிற இடம். புதிதாக மிஷின் வாங்கியவன் தன் முதல் ஓட்டையை அங்கேதான் போட்டாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அவனுக்குத்தான் "இது போதுங்க".

சாதாரண டிரில்லிங் மிஷினில் சுத்தியல் படம் போட்ட பக்கம் சுவிட்சைத் தள்ளினால் உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 40,000 தட்டு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் அத்தனையும் செல்லத் தட்டு. செங்கல் மசியும், காங்கிரீட் மசியாது. ரோட்டரி ஹேமர் என்று இன்னொரு ஜாதி மிஷின் இருக்கிறது; உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி ஓங்கி அடிக்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் அடி. நம்முடைய மிஷின் நாற்பதாயிரம் தடவை எடுத்துச் சொல்லியும் லிண்டல் கேட்பதில்லை. பிட்டின் நுனி சிவந்து, பெயின்ட் கருகி, மேல்வீட்டு அம்மாள் இறங்கி வந்து காலிங்பெல்லை அழுத்துவதுதான் மிச்சம்.

ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். பாஷ் கம்பெனியில் வீட்டுக்காரர்களுக்குப் பச்சை நிற மிஷின், தொழில்காரர்களுக்கு நீலம். அங்கே ஒருவன் பச்சை மிஷினைக் கையில் வைத்திருந்தால் அவன் சனிக்கிழமை மட்டும் வேலை செய்பவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நம்மூர்க் கடைகளில் என் கண்ணில் படுவதெல்லாம் நீலம்தான். வாங்கிப் போய்ப் பரணில் வைப்பவர்களும் நாம்தான்.

இந்த ஊர்க்காரனுக்கு இன்னொரு உபத்திரவமும் உண்டு. ஜி.டி. நாயுடு. கலங்கலில் 1893இல் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி ஓட்டினார் என்று எங்களுக்குப் பால்சோற்றோடு ஊட்டுவார்கள். அப்புறம் பஸ் விட்டார், மோட்டார் செய்தார், சவர மிஷின் செய்தார். அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் காட்சிக்கூடமே இருக்கிறது. ஸ்கூலில் கூட்டிப் போவார்கள். விளைவு, இந்த ஊரில் பிறந்த ஒவ்வொருத்தனும் தன்னைப் பாதி ஜி.டி. நாயுடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கணக்கு சரிதான். அவர் பிரித்தார், பூட்டினார்; நாங்கள் அதில் பாதியைச் செய்கிறோம். எந்த வீட்டு ஸ்டோர் ரூமிலும் பிரித்துப் போட்ட டேபிள் ஃபேன் ஒன்று மறுபாதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அவர் காலத்தில் மிஷின்மேல் எழுதியிருந்த எண் உண்மையாக இருந்திருக்கும். இப்போது பேட்டரி டிரில் என்று ஒன்று எல்லார் கையிலும் இருக்கிறது. அதன் வயிற்றில் 18 வோல்ட் என்று போட்டிருந்தால் ஒரு விலை. 20 என்று போட்டிருந்தால் இன்னொரு விலை. 21 என்றால், மூன்று வோல்ட் கூடுதலாச்சே என்று எடுத்துக்கொள்வோம். மூன்று பேட்டரியையும் பிரித்தால் உள்ளே இருப்பது ஐந்து லித்தியம் செல். ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று நிதானமாகச் சொன்னால் பதினெட்டு. முழுசாக சார்ஜ் ஏறியிருக்கும் நிமிடத்தில் 4.2 என்று அளந்தால் இருபத்தொன்று. ஒரே பேட்டரி, ஒருத்தர் சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்க்கிறார், ஒருத்தர் சாப்பிட்டதும் பார்க்கிறார். இதுவரைக்கும் மன்னிக்கலாம். அடுத்த பெட்டியில் 48 என்று இருக்கிறது. அதற்கடுத்து 88. அதற்கும் அடுத்து 98. எண்ணுக்குப் பக்கத்தில் வி, எஃப் என்று இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். திறந்தால் அதே ஐந்து செல். கேட்டால், அது வோல்ட்டே இல்லையாம், மாடல் நம்பராம். வி என்று போட்டிருக்கிறதே என்றால், அதுவும் மாடல் நம்பரில் சேர்த்தியாம். என் பிறந்த வருஷத்தைப் போட்டு அதற்குப் பின்னால் கிலோ என்று எழுதி ஒரு மூட்டை அரிசியை இவர்களிடம் விற்க வேண்டும்.

எதிர் பிளாட்டில் கப்போர்டு வேலைக்கு ஓர் ஆசாரி வந்திருந்தார். நல்ல வேலைக்காரர், மூலை மட்டம் வைத்துப் பார்த்தால் மயிரிழை விலகாது. அவருடைய டிரில்லிங் மிஷினைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. உடம்பைச் சுற்றிக் கறுப்பு டேப். பிட்டை இறுக்கும் சாவி எந்தக் காலத்திலோ தொலைந்து போயிருக்கிறது. சக்கில் இருக்கும் ஓட்டையில் சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் செருகி ஒரு தட்டுத் தட்டுகிறார், இறுகிக்கொள்கிறது. பிளக் கிடையாது. இரண்டு வயர் முனைகளையும் சுவிட்ச் பாக்ஸின் ஓட்டைகளில் விட்டு, ஆளுக்கொரு தீக்குச்சி செருகியிருந்தார். இந்தக் கோலத்தில் அது காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறது.

"நல்லதா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லதுன்னா அடுத்த சைட்டுல காணாமப் போயிருமுங்க. இதை வழியில போட்டாலும் ஆரும் எடுக்க மாட்டாங்க" என்றார். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றுவாராம். ஆர்மேச்சர் புகைந்தால் கணபதியில் காயில் கட்டுகிறவர் இருக்கிறாராம். "இது போட்ட காசை மொத நாளே குடுத்துருச்சுங்க. தொழிலுக்கு இது போதுங்க. நீங்க ஆசைக்குப் பண்றீங்க, நல்லதா வாங்குங்க."

கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். இவரை அவரிடம் கூட்டிப்போய் நேருக்கு நேர் உட்கார வைத்து, யார் சொல்வது சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் இந்தக் கட்டுரையை அடுத்த பாராவிலேயே முடித்துவிடலாம்.

முதலில் மலிவாக வாங்கு, அதை உடைக்கிற அளவுக்கு வேலை செய்தால் அப்புறம் நல்லதாக வாங்கு என்று ஒரு சித்தாந்தம் இருக்கிறது. 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் வந்த ஆடம் சாவேஜ்கூட ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் மலிவுச் சாமான் உடையும் போலிருக்கிறது. இங்கே உடைவதே கிடையாது. உடைந்தால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே! நம்முடைய ஸ்பேனர் வாய் லேசாக அகன்று, நட்டின் மூலைகளை மட்டும் மழுக்கும் அளவுக்கு உயிரோடு இருக்கும். கட்டிங் பிளேயர் இரண்டு தாடையும் சேரும், நடுவில் வெளிச்சம் தெரியும். வயரை வெட்டாது, கடித்து வைக்கும். டிரில்லிங் மிஷின் சுற்றும், சக்கு மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றும், ஆறு எம்எம் பிட் எட்டு எம்எம் ஓட்டை போடும். ஒன்றையும் குப்பையில் போட மனசு வராது. வேலை செய்கிறதே!

சரி, அப்படியும் ஒரு மிஷின் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அது முதல் ஓட்டையிலேயே மூன்று மாடிக்கும் சொல்லிவிடும். அன்றைக்குச் சாயங்காலம் கதவு தட்டப்படும்.

"ஏனுங்க, ஓட்டை போடற மிஷின் வெச்சிருக்கீங்களாமா? ஒரே ஒரு ஓட்டைதானுங்க."

மனித வரலாற்றில் யாருக்கும் இரண்டு ஓட்டை தேவைப்பட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே ஒரு ஓட்டைதான். கொடுப்போம். போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார். "அதுக்குள்ள போடற கம்பி குடுக்கலீங்களே?" பிட்டைக் கொடுப்போம். மறுபடி வருவார், வயர் எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதைக் கொடுத்தால் ஆள் எட்டவில்லை, ஸ்டூல். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் வாசலில் திரும்பி நின்று, "இவ்வளவு தூரம் ஆச்சு, நீங்களே ஒரு எட்டு வந்து போட்டுக் குடுத்துட்டீங்கன்னா…" என்று இழுப்பார். ஆக, மிஷினை இரவல் கேட்டு வந்தவர் மிஷினோடு சொந்தக்காரனையும் இரவல் வாங்கிக்கொண்டு போகிறார்.

அங்கே போனால் ஓட்டை எங்கே என்று இன்னும் தீர்மானம் ஆகியிருக்காது. சாமி படம். கிழக்குப் பார்த்த சுவர் வரைக்கும் வீட்டில் ஒற்றுமை உண்டு, உயரத்தில் பிரிந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் தன் உயரத்துக்குப் பென்சிலில் புள்ளி வைப்பார். வீட்டம்மா, பூப் போடுவது நான்தானே என்று அரை அடி கீழே வைப்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் ஓரம்பரை அம்மாள் ஒருவர், உட்கார்ந்து கும்பிடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா என்று மூன்றாவது புள்ளிக்குக் கைகாட்டுவார். அதுவரை ஸ்டூலின்மேல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நம்மைப் பார்த்து, "காப்பி சாப்பிடறீங்களா?" என்பார்கள். எந்தக் கையால் சாப்பிடுவது?

கடைசியில் நடுப்புள்ளி ஜெயிக்கும். அழுத்துவோம். சரசரவென்று இரண்டு வினாடியில் முழு பிட்டும் உள்ளே போய்விடும். "என்ன மிஷினுங்க!" என்று வீட்டுக்காரர் வியப்பார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. அது ஹாலோ பிளாக் சுவர். உள்ளே வெறும் பொந்து. ரால் பிளக்கை வைத்துத் தட்டினால் அது டொக்கென்று சுவருக்குள் விழுந்து, அங்கேயே வாழப் போய்விடும். இன்னொன்று வைப்போம். அதுவும் போகும். "பக்கத்துல ஒண்ணு போட்டுப் பாத்துறலாங்களா?" அது கல்லும் கல்லும் சேருகிற இடம், பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரே ஒரு ஓட்டை என்று வந்தவர் சுவரில், படம் மாட்டினால் மறைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதன்மேல் படத்தை மாட்டிவிட்டு, "கச்சிதமா ஆயிருச்சுங்க" என்பார். ஓரம்பரை அம்மாள் மட்டும், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார்.

இது நாம் கூடப் போகும் வகை. மிஷின் மட்டும் தனியாகப் போய்வரும் வகை வேறு. போகும்போது ஒன்றாகவும் வரும்போது வேறொன்றாகவும் வரும். சுவருக்கான பிட்டைப் போட்டு இரும்புக் கிரில்லைத் துளைக்கப் பார்த்திருப்பார்கள். நுனியில் இருந்த கார்பைடு துண்டு கழன்று, மொட்டைக் கம்பியாக வரும். இரும்புக்கான பிட்டைச் சுவரில் ஓட்டி, நீலம் பாய்ந்து வரும். சக்குச் சாவியை மிஷின் வயரோடு சணல்கயிற்றில் கட்டி வைத்திருந்தால், கயிறு மட்டும் முடிச்சு அவிழாமல் வரும். சாவி எப்படிப் போனது என்று சித்தர்களிடம்தான் கேட்க வேண்டும். சுத்தியல் தேங்காய்நார் ஒட்டிக்கொண்டு வரும். கட்டிங் பிளேயரில் சாம்பார் வாசம் அடிக்கும். இடுக்கி காணாமல் போயிருந்ததாம்.

அளவு டேப் ஒன்று வைத்திருந்தேன். டேப்பின் நுனியில் ஒரு தகட்டுக் கொக்கி இருக்கும், தெரியுமல்லவா? அது முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும். ஆடத்தான் வேண்டும். பலகையின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகரும், சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே நகரும். எவ்வளவு நகர்கிறது என்றால் கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு. அப்போதுதான் உள்ளளவும் வெளியளவும் ஒத்துப்போகும். அந்த டேப்பை வாங்கிப் போனவர் மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "மலிவா வாங்கிப் போட்டீங்க போல. கொக்கி லொடலொடன்னு ஆடிட்டிருந்துச்சுங்க. ரிவிட்டைத் தட்டி டைட் பண்ணிட்டேன், இனி அசையாது" என்றார். நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி.

திருப்பியே தராதவர்கள் தனி இனம். அவர்களிடம் மிஷின் இருக்கும் காலம் நீளநீள அது அவர்களுடையதாகவே ஆகிவிடும். பக்கத்து பிளாக்கில் ஒரு பேராசிரியர். அவரிடம் போய், "உங்ககிட்ட இருக்கற டிரில்லிங் மிஷின் கொஞ்சம் வேணுமுங்க" என்று கேட்டேன். என் மிஷினைத்தான். அவர் உள்ளே பார்த்து யோசித்துவிட்டு, "எதுக்குங்க?" என்றார். ஓர் ஓட்டை போட வேண்டும் என்றேன். "ஒரே ஓட்டைதானுங்களே? சாயங்காலமே குடுத்துருங்க, மச்சினன் கேட்டிருக்கான்" என்று எடுத்துக் கொடுத்தார். சொன்னபடி சாயங்காலமே திருப்பிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரவல் வாங்கியவர்கள் எல்லாருமே மிஷினை நீட்டும்போது ஒரு விமர்சனத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். சத்தம் ஜாஸ்தி. சூடாகிறது. கை அதிர்கிறது. "சும்மா சொல்லக் கூடாதுங்க, அவ்வளவு சுகமில்ல. அடுத்த தடவை நல்ல கம்பெனியாப் பாத்து வாங்கி வைங்க." வாங்கி வைக்க வேண்டுமாம், நூலகத்துக்குச் சொல்வதைப் போல் சொல்கிறார்கள். உண்மையில் மலிவுக் கருவி வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான காரணம் இதுதான்: அடுத்தவர் கெடுக்கும்போது வயிறு கொஞ்சம் குறைவாக எரியும்.

ஆயுத பூஜைக்கு எல்லாம் பரணிலிருந்து இறங்கும். துடைத்து, வரிசையாகப் பாயில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைப்போம். திருப்புளிக்குப் பொட்டு வைக்கும்போது முனை எது என்று ஒரு குழப்பம் வந்தது, சமாளித்துவிட்டேன். அன்றைக்குக் கருவிகளை வேலைக்குத் தொடக் கூடாது, ஓய்வு தர வேண்டும் என்பது வழக்கம். பீளமேட்டிலும் கணபதியிலும் லேத்துப் பட்டறைகள் அன்று ஒருநாள் ஓய்கின்றன. எங்கள் வீட்டில் இந்த விரதத்தை வருஷம் முழுக்க அனுஷ்டிக்கிறோம்.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் தாழ்ப்பாள் திருகை அறுத்து எடுக்கலாம் என்று கிரைண்டர் விசாரிக்கக் கடைக்குப் போனதில் எரிச்சல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர். தனியே சுற்றும்போது நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று. வெட்டுகிற டிஸ்க்கின் நடு வளையத்தில் மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். பிசின் பிடிமானம் நாள்பட விட்டுப்போகும் என்பதால் வருகிற காலாவதித் தேதி அது. மாத்திரைக்குத் தேதி பார்க்கிறோம், முகத்துக்கு அரை அடி தூரத்தில் சுற்றப்போகிற வஸ்துவுக்கு யார் பார்க்கிறார்கள்? கடையில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த டிஸ்க்குகளில் மேலாக இருந்ததன் தேதி எப்போதோ முடிந்துபோயிருந்தது.

அதன் பக்கத்தில் தொங்கியது அதைவிட மோசம். மரம் அறுக்கும் பல் பிளேடு, கிரைண்டரில் மாட்டுகிற அளவில். இதை வாங்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிக் கெட்டுப்போங்கள். ஒரு கணு குறுக்கே வந்தால் போதும், பல் கடித்துக்கொள்ளும், மிஷின் கையை உதறிவிட்டு நம் பக்கம் வரும். கிரைண்டரில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் அதுவாக நிற்காது. கீழே விழுந்தும் சுற்றிக்கொண்டிருக்கும். விலை என்னவோ ரொம்ப சல்லிசு. அதைக் காட்டி விற்கிற வீடியோவில் ஒரு பையன் செருப்பில்லாத காலால் கட்டையை மிதித்துக்கொண்டு, ஒரே கையில் கிரைண்டரைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே அறுக்கிறான்.

கடைக்காரர் மாதிரிக்கு ஒரு கிரைண்டரை எடுத்து ஓட்டியே காட்டினார். டிஸ்க்கைச் சுற்றி வர வேண்டிய இரும்பு மூடி அதில் இல்லை.

"கார்டு எங்கீங்க?" என்றேன்.

"பொட்டிக்குள்ளயே கெடக்குங்க. மாட்டுனா டிஸ்க்கு பாதிதான் எறங்கும், ஆரும் மாட்டறதில்ல. வேணும்னா நீங்க மாட்டிக்குங்க."

"மாட்டாம எப்படிங்க?"

"பாத்துப் புடிச்சுக்கோணுங்க" என்றார்.